பாரதி தட்டி முடிக்கும் வரை

"டீச்சர், நானு சொல்றேன் டீச்சர்!"

வளர்மதி தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. அன்பரசி டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தத் தடவ ஸ்கூல் கண்காட்சியில கல்வி அதிகாரிகிட்ட பாரதி பேசட்டும். வளர்மதி, நீ பக்கத்துல நின்னு அவளுக்கு டேப்லெட்டப் புடிச்சிக்க."

எட்டாம் வகுப்பு மொத்தமும் கைதட்டியது. வளர்மதி தூக்கிய கையைப் படக்கென்று இறக்கினாள்.

பாரதிக்குப் பிறந்ததிலிருந்தே பேச்சு வராது. டேப்லெட்டில் எழுத்துகளைத் தட்டுவாள்; அது அவளுக்காகப் பேசும். விரல்கள் சொன்னபடி கேட்காததால் ஒரு வரி தட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்காகவே டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பாரதி தட்டி முடிக்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அந்தச் சட்டத்தைக் கண்டாலே வளர்மதிக்கு ஆகாது. தான் ஒரு நொடி யோசித்தால் "அடுத்து யாரு?" என்கிறார்கள். பாரதிக்கு மட்டும் ஊரே காத்துக் கிடக்க வேண்டுமாம்!

அதிலும் இந்த வருடம் கண்காட்சியில் வைப்பது பீங்கான் பொம்மை. வளர்மதியின் அம்மா பூங்கோதைக்குப் பொம்மைக் கம்பெனியில்தான் வேலை. களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுவது, பிசிறு சுரண்டுவது, சூளையில் அடுக்குவது எல்லாம் வளர்மதிக்கு அத்துப்படி. பாரதிக்கு என்ன தெரியும்? ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் கேள்வி மேல் கேள்வியாகத் தட்டி, எல்லாவற்றையும் வளர்மதியிடமே கறந்துகொண்டவள்தானே!

"எங்கிட்ட கேட்டுக்கிட்டு, அவ பேரு வாங்கப் போறாம்மா" என்று வீட்டில் வந்து குமுறினாள்.

"போனாப் போவுது வுடு. பேச்சு வராத புள்ள."

"பேச்சு வராத புள்ளயா? கிளாஸ்லயே அவதாம்மா அதிகமா பேசுறா!"

பூங்கோதை சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ பேசுவேன்னு சொன்னியேன்னு மேஸ்திரிகிட்ட அர நாளு லீவு சொல்லி வச்சிட்டேன். பரவால்ல, சும்மாவாச்சும் வந்து பாக்கறேன்."

அம்மா திட்டியிருந்தால்கூட வளர்மதிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள், கண்காட்சியன்று காலை, வகுப்பில் யாரும் இல்லை. மேசை மேல் பாரதியின் டேப்லெட் மட்டும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் புதிதாக ஒரு கட்டம். சூளைப் படம் போட்டு, கீழே 'அதிகாரிக்கு' என்று எழுதியிருந்தது. பாரதி முன்கூட்டியே தட்டிச் சேர்த்துவைத்த பேச்சு அது.

என்னதான் எழுதியிருக்கிறாள் என்று கேட்க ஆசைதான். ஆனால் தொட்டால் வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தித் தொலைக்குமே. வளர்மதி கட்டத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். 'நீக்கவா?' என்று திரையில் எழுத்து வந்தது.

நீக்கினாள்.

பத்து மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் பூங்கோதை நின்றிருந்தாள், கம்பெனிப் புடவையிலேயே.

"எங்க பாரதி சொல்லுவா மேடம்" என்றார் டீச்சர்.

வளர்மதி டேப்லெட்டைப் பாரதி பக்கம் திருப்பிப் பிடித்தாள். பாரதி திரையைத் தள்ளித் தள்ளித் தேடினாள். பிறகு நிமிர்ந்து வளர்மதியைப் பார்த்தாள். வளர்மதி மின்விசிறியைப் பார்த்தாள்.

"என்னாச்சு? பரவால்ல, வேற யாராச்சும் சொல்லுங்களேன்" என்றார் அதிகாரி.

"நானு சொல்றேன் மேடம்!" என்றாள் வளர்மதி. இதற்காகத்தானே இத்தனையும்!

"உஷ்!" டீச்சர் அதட்டினார். "மன்னிக்கணும் மேடம். அவ தட்டி முடிக்கட்டும். அதுவரைக்கும் யாரும் பேசக் கூடாது."

பாரதி தட்டத் தொடங்கினாள். ஒரு எழுத்து. தப்பாக விழுந்தது; அழித்தாள். மறுபடியும். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாரதியின் நெற்றியில் வியர்வை பூத்தது. திரை தெரியாத பக்கம் நின்ற வளர்மதிக்கு, தன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் தட்டுகிறாள் என்று தோன்றியது.

பத்து நிமிடம் கழித்து டேப்லெட் பேசியது.

"நான் எழுதி வைத்தது அழிந்துவிட்டது. அதையே திரும்பச் சொல்கிறேன். பொம்மையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது வளர்மதி. அதனால் அவள்தான் பேச வேண்டும்."

"அடிப் பொண்ணே, இதத்தான் எழுதி வச்சிருந்தியா?" டீச்சருக்கே அது புதுச் செய்தி.

எல்லாரும் வளர்மதியைப் பார்த்தார்கள். பின்னால் பூங்கோதை எட்டி எட்டிப் பார்த்தாள். வளர்மதி வாயைத் திறந்தாள். ஒரு சொல்கூட வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது.

"சீக்கிரம் சொல்லும்மா, நேரமாவுது" என்றார் அதிகாரி.

பாரதி அவர் பக்கம் திரும்பி, நடுங்கும் விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.