சோதனைத் தாள்

ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்கு வந்திருக்கும் பொறியியல் மாணவி தஸ்மியாவின் முன்னால், சூப்பர்வைசர் பாபநாசம் ஒரு தாளை வைக்கிறார். அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் பன்னிரண்டு தொட்டிகளிலும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதித்தாயிற்று என்கிறது தாள். "இங்கன ஒரு கையெழுத்துப் போடும்மா. ஒன் சர்டிபிகேட்டும் ரெடி." இத்தனை நாளும் ஏறிட்டுப் பாராதவர் இன்று தன் கையால் டீ கொண்டுவந்து தந்திருக்கிறார். அவள் அதைத் தொடவில்லை. "எப்ப சார் டெஸ்ட் பண்ணுனாங்க?" "காலையிலதாம்மா." தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் வெயிலில் தொட்டிகள் பளபளக்கின்றன. அவற்றின் அடியில் தரை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. சுவரில் சுருண்டு தொங்கும் தண்ணீர்க் குழாயின் வாயில் தூசி படிந்திருக்கிறது. தொட்டிகளை ஏற்றிப்போக வந்த லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. "யோசிக்காத. முன்னால வந்த பிள்ளையளும் போட்டுட்டுத்தான் போச்சு." அந்தச் சொல்தான் அவளை உறுத்துகிறது. கையெழுத்துக்கான கட்டத்துக்குள் நிதானமாக, ‘நான் இந்தச் சோதனையைப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கீழே பெயரைப் போடுகிறாள். பாபநாசம் படிக்கிறார். சிரிப்பு மாறவே இல்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேசையிலிருந்து வேறொன்றை எடுக்கிறார். "ஏம்மா வேணி, கொஞ்சம் இங்கன வா." தஸ்மியாவோடு ஒரே பஸ்ஸில் தினமும் பயிற்சிக்கு வரும் வேணி, அவள் முகத்தைப் பார்க்காமலே வந்து கையெழுத்துப் போடுகிறாள்.