வடிவக்காவின் கண்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திரையைத் தொடுவதில்லை. உப்பளக் கரையில் நடப்பேன். உப்பு வாரிக்கொண்டிருந்த வடிவக்கா போனை நீட்டினாள்.

“மவள ஆறாப்புல சேக்கணும், தம்பி. ஸ்கூல் விண்ணப்பத்துல கடைசித் தேதி எங்கன இருக்கு? போன வாரம் கேட்டப்போ, ஞாயித்துக்கிழமை போனத் தொடமாட்டேன்னுட்டிய.”

இம்முறை மறுக்க முடியவில்லை. வெயிலில் திரை வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. கையால் மறைத்து உற்றுப் பார்த்தேன். வெளிறிய சாம்பல் நிறத்தில் பொடியாக இருந்தது தேதி.

“நேத்தோட முடிஞ்சிட்டுக்கா.”

அவள் உப்புக் குவியல் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “தெனமும் பாத்தேனே! என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல.”

அந்த இணையப் பக்கத்தை வடிவமைத்தவன் நான். கறுப்பு எழுத்து அழகைக் கெடுக்கும் என்று சண்டை போட்டுச் சாம்பல் நிறத்தை வைத்தவனும் நான்தான்.

“கண் டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா” என்றேன்.