மரங்கொத்தியின் வாடகைப் பொந்து

மரங்கொத்தி தான் குடைந்த பொந்தை அணிலுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. மைனா கூடுதல் வாடகை தருவதாகச் சொன்னதும் மரங்கொத்தி அணிலிடம், "காலி பண்ணு" என்றது.

"குட்டிங்க கண்ணு திறக்கிறவரைக்கும் காலி பண்ணச் சொல்லக்கூடாதுன்னு காட்டுச் சட்டம் இருக்கே" என்றது அணில்.

அணில் தானாக ஓடட்டும் என்று, மரங்கொத்தி தினமும் பொந்தின்மேல் டொக் டொக்கென்று தட்டியது. காட்டு நீதிபதி ஆந்தையிடம் புகார் போனது. "குடியிருப்பவரைத் தொந்தரவு செய்வதும் குற்றம்" என்று ஆந்தை தீர்ப்புச் சொன்னது. சத்தம் நின்றது.

மறுநாள் மத்தியானம் அணில் தயங்கித் தயங்கி வந்தது.

"ஓனரய்யா, பசங்க அந்தச் சத்தத்துக்கே பழகிட்டாங்க. இப்போ தூங்கவே மாட்டேங்கிறாங்க."

"தட்டக்கூடாதுன்னு தீர்ப்பாச்சே!"

"மெதுவா தட்டுங்க. நான் புகார் சொல்லமாட்டேன்."

மரங்கொத்தி மெல்லத் தட்டிக்கொண்டிருந்தபோது மைனா வந்தது. "பொந்து எப்போ காலியாகும்?"

"உஸ்... சத்தம் போடாதே. பிள்ளைங்க தூங்குது" என்றது மரங்கொத்தி.