இருபது மூட்டை குப்பை

"அக்கா, இங்க இருந்த குப்பையெல்லாம் எங்கே போச்சு?"

கேட்ட ஸ்ரீஹரிக்கு அழுகை வராத குறை. சனிக்கிழமை காலை ஆறே கால் மணி. பெசன்ட் நகர் கடற்கரை துடைத்துவிட்டது போல் கிடந்தது. தேடிப் பார்த்தாலும் ஒரு டீ கப் இல்லை, ஒரு பாட்டில் மூடி இல்லை.

ஊரூர் ஒல்காட் குப்பத்துப் படகு ஒன்றின் நிழலில் கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் நீ, சுத்தமா கீதுன்னு சந்தோஷப்படாம, எழவு வூட்டுக்கு வந்தா மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு நிக்கிறே?"

ஸ்ரீஹரி தேனாம்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் சுற்றுச்சூழல் பிரிவு மேனேஜர். அந்தப் பிரிவில் மொத்தமே அவன் ஒருவன்தான். சுற்றுச்சூழலைக் காப்பாற்றும் கம்பெனிகளுக்கு மட்டும் குறைந்த வட்டியில் 'பசுமைக் கடன்' தருகிறது ஒரு பேங்க். அந்தக் கடனுக்கு ஆசைப்பட்டு, 'எங்கள் ஊழியர்கள் கடற்கரையில் இருபது மூட்டை குப்பை அள்ளுவார்கள்' என்று எழுதிக் கொடுத்த புண்ணியவான் அவனேதான். அதை நேரில் பார்க்க பேங்கிலிருந்து மதுமதி என்ற அதிகாரி ஏழு மணிக்கு வருகிறார். எம்.டி. புகழேந்தி நேற்றே சொல்லிவிட்டார்: "கடன் வரலைன்னா திங்கக்கிழமை நீயும் வர வேண்டாம்."

"அறுபது பேர் பச்சை டீ ஷர்ட் போட்டுக்கிட்டு பஸ்ல வந்துட்டிருக்காங்க அக்கா. தேனாம்பேட்டையைத் தாண்டிட்டாங்க. அள்றதுக்கு ஒண்ணுமே இல்லையே!"

"நாங்கதான் சார் விடியக்காலமே வாரிட்டோம். தோ, மூட்டை கட்டி வெச்சிகீறோம். கார்ப்பரேஷன் வண்டி வந்துக்கினே கீது."

படகுக்குப் பின்னால் இருபது மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஸ்ரீஹரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதை எனக்குக் குடுத்துடுங்களேன்!"

"குப்பையவா? இன்னாத்துக்கு?"

"திரும்ப மணல்ல கொட்டணும்."

ஜெசிந்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அடியே காவேரி, இங்க ஓடியா! இந்த சார் இன்னா கேக்குறாருன்னு பாரு!"

காவேரி அவளுடைய வியாபாரக் கூட்டாளி. வந்தாள், கேட்டாள், மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"மெனக்கெட்டு வாரினத மறுபடி கொட்டுறதா? மாதா கண்ணக் குத்திடும் சார்" என்றாள் ஜெசிந்தா.

"சும்மா வேண்டாம்க்கா. காசு தர்றேன்."

ஜெசிந்தாவின் குரல் அந்த நொடியே மீன் விற்கும் குரலானது. "மூட்டை ஐந்நூறு."

"அக்கா, குப்பை!"

"குப்பைதான். ஆனா பிரிச்சிப் பாரு, எல்லாம் பாட்டிலு, தெர்மாகோலு, செருப்பு. போட்டோவுல சோக்கா வுழும். பொறுக்கி எடுத்தா ஐந்நூறு, கலப்பா எடுத்தா நானூறு."

"முந்நூறு."

"போ சார், போணி நேரத்துல வந்துக்கினு." முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. பஸ் அடையாறு சிக்னலைத் தாண்டிவிட்டதாம்.

"சரி சரி, நானூறு!"

"ஆனா ஒண்ணு சார். படம் புடிச்சி முடிஞ்சதும் மூட்டைய எங்களாண்டயே குடுத்துடணும். நீங்க பாட்டுக்கு கண்ட எடத்துல போட்டுட்டுப் போனீங்கன்னா எங்க கடலுதான் நாறும்."

ஸ்ரீஹரிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெண்மணியா என்று நினைத்துக்கொண்டே ஜீபேயில் எட்டாயிரம் ரூபாயைத் தட்டிவிட்டான்.

காவேரி மூட்டைகளைப் பிரித்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல் குப்பையை வைத்துக்கொண்டே போனாள். "தெர்மாகோல அலையாண்ட போடாதடி, அடிச்சிக்கினு பூடும்!" என்று ஜெசிந்தா கத்தினாள். ஸ்ரீஹரியும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து குனிந்து கடற்கரையை அசுத்தம் செய்தான். வாழ்க்கையில் எந்த வேலையையும் அவன் இவ்வளவு மனநிறைவோடு செய்ததில்லை.

ஏழு மணிக்கு பஸ் வந்தது. எம்.டி. வந்தார், மதுமதியும் வந்தார். அறுபது பேரும் ஹோவென்று கத்திக்கொண்டு மணலில் பாய்ந்தார்கள். ஒரே செருப்புக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். எம்.டி. ஒரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி, குனிந்தபடி, கடலைப் பார்த்துக் கவலைப்பட்டபடி எல்லாம் படம் எடுத்துக்கொண்டார்.

மதுமதி மட்டும் ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"குப்பைன்னா கொஞ்சமாவது நாத்தம் வேண்டாமா மிஸ்டர் ஸ்ரீஹரி? இது சோப்பு போட்டுக் கழுவின மாதிரில்ல இருக்கு?"

ஸ்ரீஹரிக்குத் திங்கட்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன் வந்துபோனது.

"கடல்ல ஊறி வந்ததும்மா" என்று ஜெசிந்தா குறுக்கே புகுந்தாள். "உப்புல கெடந்தது எதுவும் கெடாது."

மதுமதி யோசித்தார். தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார்.

எம்.டி. அத்தனை பேர் முன்னிலையிலும் ஸ்ரீஹரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்றார், அதுவும் சீனியர் மேனேஜராக. ஸ்ரீஹரி பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, கண் மறையும்வரை ஜெசிந்தாவுக்குக் கை காட்டிக்கொண்டே போனான்.

பஸ் தெருமுனை திரும்பியதும் ஜெசிந்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"காவேரி, மூட்டைங்கள படகுக்குப் பின்னால தள்ளு. ஒம்போது மணிக்கு இன்சூரன்ஸ்காரங்க, நாளைக்கு ரெண்டு ஐ.டி. கம்பெனி. பொங்கல்லருந்து இதுங்கதான் நமக்கு சோறு போடுது" என்றவள், அலையை ஒரு பார்வை பார்த்தாள். "கரையில புச்சா எதனா ஒதுங்கிச்சின்னா உடனே பொறுக்கிடு. விட்டா இவங்க ஓசியிலயே அள்ளிக்கினு பூடுவாங்க!"