பக்கத்து இருக்கை

நந்தம்பாக்கம் கண்காட்சியில் அந்த வருஷம் கூட்டமெல்லாம் தமயந்தியின் ஸ்டாலில்தான். சுவரளவு திரைகளை வைத்திருந்தவர்கள்கூட ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தனியாக டிவி பார்ப்பவருக்குத் துணையாக, பக்கத்து இருக்கையிலிருந்து சிரித்து, உச்சுக்கொட்டி, வில்லனைத் திட்டி, பார்ப்பவரோடு பேச்சும் கொடுக்கும் சோபாதான் அங்கே காட்சிக்கு இருந்தது. அந்தக் குரல் தமயந்தியுடையது. யார் யாரையோ பேசவைத்துப் பார்த்த கம்பெனி, கடைசியில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்த அவளுடைய சிரிப்பையும் குரலையுமே எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் முதல் பரிசு அறிவித்ததும் அவளை மேடையேற்றி மாலை போட்டார்கள். "நாலு நாள் லீவு எடுத்துக்குங்க மேடம்" என்றார் முதலாளி.

மாலையைக்கூடக் கழற்றாமல் ஜெனரேட்டர் பக்கம் ஒதுங்கி, கோயம்புத்தூரில் இருக்கும் மகன் முகிலனை அழைத்தாள். தயாரான முதல் சோபாவை அவனுக்குத்தான் அனுப்பியிருந்தாள். அதற்கப்புறம் அவன் போன் பண்ணுவதே குறைந்துபோயிருந்தது.

"பரிசு நமக்குத்தான்டா. லீவும் குடுத்துட்டாங்க. காலைல கிளம்பி வரட்டுமா?"

"எதுக்கும்மா வீண் அலைச்சல்? எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல."

"உன்னைப் பாத்து ஒரு வருஷமாச்சேடா கண்ணு."

அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். யாரென்று தமயந்தி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சிரித்து முடித்து, அவளுடைய குரலே கேட்டது:

"யாருடா கண்ணு போன்ல?"

முகிலனின் குரல் போனைவிட்டு விலகி, சோபாவின் பக்கம் திரும்பியது.

"யாருமில்லம்மா. நீ படத்தைப் பாரு."