மேல்காற்றுப் பரண்

“பரணை இங்கதான் கட்டணும், ரோலி. ரோட்டோரமா, இந்த வளைவுலயே.”

லவோன் குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினாள். தோளில் இருந்த பலகையை இறக்கி வைத்துவிட்டு ரோலி அவளைப் பார்த்தான். முப்பது வருஷமாக விஸ்கான்சின் மேட்டு நிலங்களில் வேட்டைப் பரண் கட்டிப் பிழைக்கிறவன் அவன். முட்டி இரண்டும் தேய்ந்ததே ஏணி ஏறித்தான். மான் வேட்டைக்கு இதைவிட மோசமான இடத்தை அவன் கண்டதில்லை.

மான்கள் படுத்துக்கிடப்பது கிழக்கே, ஓடையை ஒட்டிய காட்டில். வெயில் சாய்ந்ததும் கிளம்பி, லவோனின் நிலத்தைக் கடந்து, மேற்கே இந்த ரோட்டைத் தாண்டி, எதிர்ப்புறத்து மக்காச்சோளக் கொல்லைக்குப் போகும். இங்கே வீசுவதோ பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று.

“காத்து உங்க முதுகுல பட்டு நேரா மான் மூக்குக்குப் போகும். மனுச வாடை வந்தா அது வந்த வழியே திரும்பிடும். வேட்டைக்காரன் சட்டையைக்கூட வாசனையில்லாத சோப்புல துவைச்சுத்தான் போடுவான். நீங்க என்னடான்னா மானுக்குத் தந்தி அடிச்சுட்டு உக்காரப் பாக்கறீங்க.”

“வாடை எவ்வளவு தூரம் போகும்?”

“காத்து நல்லா இருந்தா கால் மைல்.”

“மழையில நனைஞ்சா?”

“குறைஞ்சிடும்.”

“அப்ப கூரை போட்டுடு. சுவர் வேண்டாம். நாலு பக்கமும் திறந்தே கிடக்கட்டும்.”

சுவர் இல்லாவிட்டால் நவம்பர் குளிரில் விறைத்துப்போவீர்கள் என்று ரோலி சொல்லிப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு மேல் அவனால் வாதாட முடியவில்லை. போன நவம்பரில், சீஸ் ஆலையில் ராத்திரி வேலை முடித்து விடியற்காலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த அவள் மகன் குர்ட்டின் வண்டிக்குக் குறுக்கே, இதே வளைவில்தான் அந்தக் கொம்பு மான் பாய்ந்தது. மான் எழுந்து ஓடிவிட்டது. குர்ட் எழுந்திருக்கவில்லை. பள்ளத்தில் கிடந்த வண்டியை டிராக்டர் கட்டி இழுத்தவன் ரோலி. புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

மானுக்குத் தீனிப் பாத்தி போடும் வேலையை மட்டும் லவோன் யாரிடமும் விடவில்லை. ஆகஸ்ட் வெயிலில், ஓடைக்கரையில், அரை ஏக்கர் நிலத்தைத் தானே உழுதாள். சுண்ணாம்பு தூவினாள். குளோவர் புல்லும் டர்னிப் கிழங்கும் கையால் விதைத்து, வாரியால் மண்ணை இழுத்து மூடினாள். பார்க்கப்போன ரோலிக்குத் தலை சுற்றியது. பாத்திக்கும் பரணுக்கும் நடுவில் ஒரு மேடு. பரணில் உட்கார்ந்தால் பாத்தியின் ஓரம்கூடக் கண்ணில் படாது. அதைச் சொன்னபோது, தெரிய வேண்டாம் என்று முடித்துவிட்டாள்.

ஊர்க் காப்பிக்கடையில் ரோலியின் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. ரோலிக்கு வயசாகிவிட்டது, கிழக்கு எது மேற்கு எது என்று மறந்துவிட்டது என்றார்கள். லவோன் பரணில் காப்பி ஆற்றிக் குடிக்கப்போகிறாள், மான் தூரத்தில் நின்று கையசைத்துவிட்டுப் போகும் என்றான் ஒருத்தன். ரோலியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான்.

அவன் பயம் வேறு. ரோட்டோரத்திலிருந்து சுடுவது குற்றம். குறி தப்பினால் குண்டு போகிற வருகிற வண்டியில் பாயும். அவளோ வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கடைசி ஆணி அடித்த அன்று அவன் மனம் கேட்காமல் வாய்விட்டுச் சொன்னான்.

“லவோன், மானைக் கொன்னா பையன் திரும்ப மாட்டான்.”

அவள் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வளைவுல இனி ஒரு மான்கூட ரோட்டுக்கு வரக் கூடாது, ரோலி. ஒண்ணுகூட.”

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், மத்தியானம் வேலை முடிந்து ரோலி அந்த வழியாக வந்தான். வயலோரத்தில் லவோனின் வண்டி நின்றது. தோளில் நீளமாக ஒரு கறுப்புப் பையைச் சாத்திக்கொண்டு அவள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அவள் குறி வைப்பது மானுக்கா, தன் உயிருக்கேயா? வண்டியை அப்படியே விட்டுவிட்டு, முட்டிவலியை மறந்து ஓடினான். ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துப் பேசினான்.

“லவோன், நான்தான். கையில இருக்கறதைக் கீழ வையுங்க.”

“கீழ வச்சா அழுக்காயிடும். ஏறி வா. கூரை உச்சியில மாட்ட எனக்கு எட்டல.”

மூச்சு வாங்க ஏறினான். துப்பாக்கி எதுவும் இல்லை. கூரை விட்டத்தில் சுற்றிலும் அவளே அடித்த ஆணிகள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் மாட்டிக்கொண்டிருந்தது குர்ட்டின் வேலைச் சட்டைகளை. ஒரு வருஷமாகத் துவைக்காமல், வாசனை போய்விடக் கூடாதென்று காற்றுப்புகாமல் கட்டி வைத்திருந்தவை.

“அதுங்களுக்குத் தீனி ஓடைப்பக்கமே இருக்கு. இனி ரோட்டுக்கு வர வேண்டிய வேலை இல்ல,” என்றாள் லவோன். “வேற ஒருத்தி பிள்ளையும் இந்த வழியாத்தானே வீட்டுக்கு வரணும், ரோலி.”

கடைசிச் சட்டையை ஒரே ஒரு தடவை முகத்தில் அழுத்தி முகர்ந்துவிட்டு, மேல்காற்று படும்படி மாட்டச் சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.