முன் கதவும் பின் கதவும்

"அழிச்சிடு. பதினோரு வீடியோவையும் இப்பவே அழிச்சிடு."

கண்டியில் கடை வேலை முடிந்து வந்த தனபாலன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஏச்சு வாங்கியவள் மகள் மதுஷா. வயது பதினாறு. குண்டசாலையில் அவள் வாயில் அகப்படாத குரல் கிடையாது. பள்ளிக்கூட அதிபர், மீன்காரர், பக்கத்து வீட்டுச் சேவல், எல்லாம் அந்த வாயில் குடியிருந்தன.

"எந்த வீடியோப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காத. தோல்ல பை தைக்கிறது எப்படின்னு ஸ்ரீதரன் குரல்ல பேசி வச்சிருக்கியே, அது."

ஸ்ரீதரன் கண்டி-குண்டசாலை பஸ்ஸில் பதினெட்டு வருஷம் கண்டக்டர். "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்க, உள்ள நெறைய இடம் இருக்கு" என்று சிங்களத்திலும் தமிழிலும் அவர் ஒரு குரல் விட்டால், மூச்சு விட இடமில்லாத பஸ்ஸிலும் நாலு பேர் நகர்வார்கள். லீவு நாளில் தோல் வேலை அவருக்குப் பைத்தியம். தோளில் தொங்கிய டிக்கெட் பைகூடச் சொந்தத் தையல்தான். போன வருஷம் தொண்டையில் புற்று. பேராதனை ஆஸ்பத்திரியில் ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல்பெட்டி போய்விட்டது.

"பேச முடியாத மனுஷன வச்சு சிரிப்புக் காட்டுறியே. ஸ்டாண்டுல பஸ்ஸே சிரிக்குது. கூட வேல செஞ்ச டிரைவர் அஷ்பாக்கே போன்ல அத சத்தமா வச்சுக் கேட்டுக்கிட்டு, கண்ணால தண்ணி வர சிரிக்கிறாரு. எனக்குத் தாங்கல. எறங்கி அடுத்த பஸ்ஸுல வந்தேன்."

"அப்பா, வீடியோவ ஒருக்கா பாத்துட்டு ஏசுங்களேன்."

"பாக்கவே வேணாம். கேட்டதே போதும்."

மதுஷா சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். "அப்ப சரி. வாங்க, அவர்கிட்டயே போவோம்."

"போகத்தான் போறோம். கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிற. அவர் கண்ணு முன்னாலயே அழிக்கிற."

ரெண்டு ஒழுங்கை தாண்டினால் ஸ்ரீதரன் வீடு. வழியெல்லாம் தனபாலன் புலம்பிக்கொண்டே வந்தார்.

"பஸ் கதவுல மோதிர விரல் பாதி போனப்பவும், 'இனி இதுக்கு அரை டிக்கெட்தான்'னு சொல்லி ஊர சிரிக்க வச்ச மனுஷன். அவரப் போய்... வெக்கமா இல்ல ஒனக்கு?"

"வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று முன்னால் நடந்தவள் அவர் குரலிலேயே திருப்பிச் சொன்னாள். தன் குரல் இவ்வளவு எரிச்சலூட்டும் என்று தனபாலனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஸ்ரீதரன் மேசை நிறையத் தோல் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். தனபாலன் உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

"ஸ்ரீதரன், மன்னிச்சுக்கங்க. இவ செஞ்ச கூத்த நீங்களே கேளுங்க. கேட்டுட்டு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. போடு, புள்ள."

மதுஷா போட்டாள். போன வருஷம் போன குரல் அறைக்குள் வந்து நின்றது.

"முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க. தோல வெட்ட வந்தவங்க முதல்ல பிளேட தீட்டுங்க. கூர் மழுங்கின பிளேடுதான் வழுக்கிப் போய் விரல வெட்டும். ஓட்டைக்குக் குறி வைக்கிற சாமான் இல்லையா, பழைய முள்ளுக்கரண்டிய கோட்டு மேல அழுத்திக்கிட்டே போங்க, எல்லாம் ஒரே தூரத்துல விழும். பசைய ரெண்டு பக்கமும் பூசுங்க, ஆனா ஒடனே ஒட்டாதீங்க. அது பஸ் நிக்க முந்தி குதிக்கிற மாதிரி. விரல்ல ஒட்டாத அளவுக்குக் காயட்டும். இப்ப தையல். நூல் ஒண்ணு, ரெண்டு நுனியிலயும் ஊசி. ஒரே ஓட்டையில ஒண்ணு முன் கதவால ஏறும், மத்தது பின் கதவால எறங்கும். ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மத்தப் பக்கம் பைய விடாது."

தனபாலன் தலையைக் குனிந்தபடி நின்றார். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஸ்ரீதரனின் மனைவி நிரஞ்சனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குரல் அங்கே தினம் கேட்கிற குரல் மாதிரி, திருவலை சீராக ஓடியது.

தனபாலன் நிமிர்ந்து பார்த்தால், ஸ்ரீதரனின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? மனுஷன அழ வச்சிட்ட."

ஸ்ரீதரன் சத்தமில்லாத சிரிப்போடு இல்லை என்று தலையாட்டினார். போனை எடுத்து, தனபாலனின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

திரையில் முகம் இல்லை. ரெண்டு கை மட்டும். ரெண்டு ஊசியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

தனபாலன் போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

ஸ்ரீதரன் பழைய டிக்கெட் பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். தோளுக்குப் பின்னால் போய் நின்ற மதுஷா, அவர் எழுத எழுத, அவர் குரலிலேயே வாசித்தாள்.

"பாலண்ணே, எழுதுறது நான், தைக்கிறது நான். வாய் மட்டுந்தான் ஒங்க மக. சனிக்கிழமையில வீடியோ பாக்க மூவாயிரம் பேர் ஏறுறாங்க, ஒருத்தனும் எனக்குப் பாவம் பாக்கல. பன்னிரண்டாவது இப்ப எடுக்கப் போறோம். புட்போர்டுல நிக்காம முன்னுக்குப் போங்க, உள்ள நெறைய இடம் இருக்கு."

பதினெட்டு வருஷப் பழக்கம். தனபாலன் தன்னை அறியாமலே ரெண்டு அடி முன்னுக்குப் போனார்.